வீட்டில் படித்தவர்கள் – ஒரு சேரிக் குடும்பத்தின் கல்விக் கதை

நான் முறையாகப் பள்ளிக்கூடம் போனது ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். இரண்டாம் வகுப்புப் பாதியில் நின்றவன். நடுவில் ஏழு வருஷம் வீட்டிலேதான் படித்தேன். இதைச் சொன்னால் இப்போது சென்னையில் சில நண்பர்கள் ஆச்சரியப்பட்டு, "அப்பவே ஹோம் ஸ்கூலிங்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த வீட்டுக்கல்வி வேறு. பள்ளிக்கூடம் பிள்ளையின் கற்பனையைக் கொன்றுவிடும் என்று நினைக்கிற, இரண்டு பேரும் படித்த, தனி அறையும் புத்தக அலமாரியும் உள்ள வீடுகளில் நடப்பது அது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது எங்கள் கதி என்ன என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். பிறகு திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். நல்லது. நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை என் மேல் போர்த்தும்போது எனக்குக் கூசுகிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று விட்டவர்கள் இல்லை.

1968, பொங்கல் கழிந்த மாசம். குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில். பெருக்குவது, தண்ணி தெளிப்பது எல்லாம் சேரிப் பிள்ளைகள் முறை. அதை முறை என்று சொல்வதே தப்பு, ஏனென்றால் மற்றவர்களுக்கு அந்த முறை வந்ததே இல்லை. அது பழகிப்போயிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு நாய் செத்துக் கிடந்தது. அக்கா அப்போது ஐந்தாம் வகுப்பு, பத்து வயசு. வாத்தியார் அவளைக் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்துப்போய் ஓடையில் போடச் சொன்னார். "மாட்டேன் சார்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். புளியம் விளார் ஒடியும் வரைக்கும் அடி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அழக்கூட இல்லை. நாய் நாறியது மட்டும்தான் இப்போது நினைவு இருக்கிறது.

மறுநாள் தாத்தா போய்க் கேட்டார். வாத்தியார் கோபப்படவில்லை, நியாயம் பேசினார். "இன்னா பெரியவரே, உங்க ஆளுங்க செய்ற வேலைதானே, புதுசாவா சொன்னேன்?" தாத்தா எங்கள் இரண்டு பேர் பலகையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஆயாவிடம், "இனிமே பள்ளிக்கூடம் இங்கதான்" என்றார்.

தாத்தாவுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும். வடார்க்காட்டுச் சேரிகளில் கோலாருக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. தாத்தா பதினாலு வயசில், 1914 வாக்கில், அவருடைய தகப்பனோடு போனவர். சாம்பியன் ரீஃபில் வேலை. முதலில் மேலே கல் பொறுக்குவது, பிறகு குழிக்குள். குழி ஆழமானது, வேக்காடு தாங்காது, பாறை வெடித்து எத்தனையோ பேர் உள்ளேயே போனார்கள். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள். தங்கம் எடுக்க வேண்டுமே! எங்கள் சேரிக்கு விளக்குக் கம்பம் வர எழுபதுகள் ஆயின.

ஆனால் அங்கே குழி மட்டும் இருக்கவில்லை. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை. பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, மறு வருஷம் 'தமிழன்' ஆக்கிய வாரப் பத்திரிகைக்கு லைன் வீடுகளில்தான் உயிர் இருந்தது. தாத்தா கோலார் போன அதே 1914-ல் பண்டிதர் இறந்துபோனார். அவரைத் தாத்தா பார்த்ததில்லை. ஆனால் பழைய இதழ்களைக் கட்டி வைத்துக்கொண்டு, ஷிப்டு முடிந்து வந்தவர்களுக்கு ஒருத்தர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தாத்தா எழுத்துக் கூட்டியது அந்த வட்டத்தில். 1926-ல் அப்பாதுரையார் கோலாரிலிருந்தே 'தமிழன்' இதழை மறுபடியும் நடத்தியபோது தாத்தா தானே வாசித்துக் காட்டுகிற ஆளாகிவிட்டார்.

1930 வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தா சொல்லாத நாள் இல்லை. தொழிலாளிகளைப் பதிவு செய்வதற்குக் கம்பெனி கைரேகை கேட்டது. குழிக்குள் இறங்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன்கிட்டயும் ரேகையத்தான் கேட்டான். ரேகை திருடன்கிட்ட கேக்கறதுடா" என்பார். தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது ஒரு வேலைநிறுத்தம். தாத்தாவுக்கு அது எழுத்தைப் பற்றிய சண்டை. நுரையீரலில் கல்தூளை வாங்கிக்கொண்டு 1950-ல் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் 'தமிழன்' கட்டு, சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலைப் பதிப்புகள், ஒரு பித்தளை விளக்கு. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் வீட்டில் பிறந்தவர்கள், செத்தவர்கள் தேதி.

நம்முடைய கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்துகிறார்கள். மிஷன் பள்ளிகள், 1893-ல் பஞ்சமர் கல்விக்கு வந்த அரசாணை, 1894-ல் ஆல்காட் ஊரூரில் திறந்த பள்ளி, 1916-ல் சிதம்பரத்தில் சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம். இவையெல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் இந்த வரிசையில் வீடு வராது. பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் நாம் எழுத்தறியாத கூட்டமாக இருந்தோம், யாரோ வந்து கண்ணைத் திறந்தார்கள் என்கிற கதை அந்த வரிசைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பண்டிதர் இதை அன்றைக்கே மறுத்தவர். வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், வீட்டில் காத்து வைத்திருந்த குறள் ஏட்டைக் கொடுத்து அது எல்லிஸ் துரை கைக்குப் போய்த்தான் அச்சுக்கு வந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். ஒரு சமையல்காரர் வீட்டுப் பரணில் ஏடு எப்படி இருந்தது என்ற கேள்வியை நம்முடைய இலக்கிய வரலாறுகள் ரொம்ப நாள் கேட்கவே இல்லை.

அம்பேத்கரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சத்தாராவில் அவரை வகுப்பில் தனியாகச் சாக்குத் துணியில் உட்கார வைத்தது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அப்பா ராம்ஜி, தர்க்கட்கர் புத்தகங்களை வைத்துக்கொண்டு மகனை மொழிபெயர்க்கப் பழக்கினார். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது கட்டிக்கொடுத்த பெண்களிடம் போய் நகை வாங்கி அடகு வைத்தார் என்று கீர் எழுதுகிறார். அந்த நகை மீண்டதா, அந்த அக்காக்கள் எத்தனை எழுத்துப் படித்தார்கள்? இதைக் கேட்கிற தகுதி எனக்கு உண்டா என்பது வேறு விஷயம். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் இப்படி நடந்தது. நைனா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை, வாரம் ஒரு தடவை வருவார். அம்மா, ஆயா, அக்கா மூன்று பேரும் பீடி சுற்றுவார்கள். தாத்தா சுவரில் சாய்ந்து உட்காருவார், நான் அவருக்குப் பக்கத்தில். எங்களுக்கு எதிரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. பாடப்புத்தகம் கிடையாது. 'தமிழன்' பக்கத்தைத் திறந்து வைத்து விரலால் காட்டிக் காட்டித் தாத்தா சொல்லித்தருவார். கணக்கு பீடியிலிருந்து வந்தது. இருபத்தஞ்சு பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். ஆயாவிடம் படி, மரக்கால் கணக்கு. பூகோளம் ரயில் பாதை. குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை, உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பேன். இங்கிலீஷ் எழுத்து தீப்பெட்டி லேபிளில் படித்தேன். சொற்கள் சுரங்கத்திலிருந்து: ஷாஃப்ட், கேஜ், லெவல், டிம்பர். நான் எழுதக் கற்ற முதல் இங்கிலீஷ் வார்த்தை டேஞ்சர்.

இதை அழகாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் அழகில்லை. தாத்தா இருமத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும், சில நாள் வாரக்கணக்கில். அறிவியல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தாத்தாவுக்குத் தெரியாததைக் கேட்டால் அடிப்பார். பண்டிதர் வழியில் குறளைத் 'திரிக்குறள்' என்றே கற்றுக்கொண்டேன், அது பௌத்த முப்பிடகத்தைச் சேர்ந்த நூல் என்று. பின்னால் ஒன்பதாம் வகுப்பில் அப்படியே எழுதி வைத்தேன். தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்து, வகுப்பில் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். பண்டிதரின் சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைக்கு நானும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அன்றைக்குச் சிரித்த வகுப்பில் ஒருத்தருக்கும் அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதே தெரியாது, ஆசிரியரையும் சேர்த்துத்தான்.

சித்தப்பா கதையையும் சொல்ல வேண்டும். அவரும் வீட்டில் படிக்க வைக்கப்பட்டவர், ஆனால் சர்க்கார் உத்தரவுப்படி. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கிற நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரம் வீட்டில் இருந்து பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தது இதைத்தான். சித்தப்பாவுக்கு அப்போது எட்டு வயசு. தச்சருக்கு மகன், குயவருக்கு மகன் என்று பேசியவர்கள் எங்கள் வீட்டுத் தொழில் என்ன என்று நினைத்தார்களோ தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. "அரைநாளு சும்மாதானே கீறான், கன்னுக்குட்டி செத்துக் கெடக்குது, இழுத்துப் போட அனுப்பு" என்று ஆள் வந்து நின்றான். தாத்தா அனுப்பவில்லை. அந்த வருஷம் எங்களுக்குக் களத்து வேலை கொடுக்கவில்லை. 1954-ல் ராஜாஜி விலகி, காமராசர் வந்து, திட்டம் போனது. முதலமைச்சரான காமராசர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்ததும் எங்கள் குடியாத்தத்தில்தான். பதினாலு வருஷம் கழித்து ஒரு வாத்தியார் செத்த நாயைக் காட்டி அக்காவிடம் சொன்னது அதே திட்டம்தான் என்று தாத்தா சொல்வார். சட்டம் போச்சு, பிரம்பு போகல என்பார். குடும்பத் தொழிலுக்குக் கடன் தருகிறோம், பயிற்சி தருகிறோம் என்று 2023-ல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது சித்தப்பா இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே அச்சடிக்க முடியாது.

அக்காவுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாயை இழுக்க மாட்டேன் என்றது அவள். அடி வாங்கியது அவள். அதனால்தான் வீட்டில் பள்ளிக்கூடமே வந்தது. ஆனால் பாடம் எனக்கு. பத்து வயசில் பீடிக்கு உட்கார்ந்தவள் கையில் பலகை திரும்ப வரவில்லை. தாத்தா கெட்டவர் இல்லை. ஆண்பிள்ளை படிக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய்க்குப் பீடி வேண்டும். அவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. என் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்டியது அவள் என்பது நாற்பது வயசுக்கு மேல்தான் உறைத்தது.

முறத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் எனக்கு நேராகத் தெரிந்த எழுத்து அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பாதி வரை கற்றது கொஞ்சம். மீதியை எல்லாம் அவள் தலைகீழாகவே படித்தாள். கை இலையை மடக்கிக்கொண்டிருக்கும், நூல் சுற்றும், கண் மட்டும் என் பக்கத்தில். நான் எங்கேயாவது தப்பாகக் கூட்டினால் தலை நிமிராமலே, "னகரம் இல்லடா, ணகரம்" என்பாள். தாத்தா சிரிப்பார். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

1973-ல், அவளுக்குப் பதினஞ்சு வயசு, பீடிக்கடையில் ஒரு நாள். ஏஜெண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கட்டுகளை எண்ணி நோட்டில் எழுதுவார். பெண்கள் இந்தப் பக்கம் நிற்பார்கள். ஆயிரத்துக்கு ஒரு கட்டு கழிவு என்று வாயால் சொல்லிவிட்டு நோட்டில் மூணு கட்டு என்று எழுதியிருக்கிறார். சனிக்கிழமை கூலி நோட்டைப் பார்த்துத்தான். எத்தனை வருஷமாக நடந்ததோ! எழுத்துத் தெரிந்த பெண்கள் வந்தாலும் தலைகீழாக இருக்கிற நோட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒண்ணுன்னு சொல்லிட்டு மூணுன்னு எழுதறியே, இன்னா கணக்கு இது?" கடை அப்படியே நின்றுபோனது. பெண்கள் முறத்தை வைத்துவிட்டு நோட்டைக் காட்டு, நோட்டைக் காட்டு என்று கத்தினார்கள். பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. அந்தக் கடையில் நின்ற ஒருத்திக்கும் அது தெரியாது.

அதற்கப்புறம் மூணு கட்டு ஒரு கட்டானது, மற்றவர்களுக்கு. எங்கள் வீட்டுக்கு இலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படித்த பெண்ணுக்கு எதுக்கு பீடி என்று கிண்டல் வேறு. அம்மா அன்றைக்கு அக்காவை அடித்தாள். தாத்தா தடுக்கவில்லை. கைரேகை வைக்க மாட்டேன் என்று குழியில் இறங்காமல் நின்ற மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை எழுத வேண்டுமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். தாத்தாவைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போது இந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறேன். இரண்டு மாசம் கூழுக்கே திண்டாட்டம். பிறகு ஐந்து மைல் தள்ளி வேறொரு ஏஜெண்டிடம் அம்மா பேரில் இலை வாங்கி வந்தார்கள்.

1975-ல் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதினேன். அறிவியலுக்குச் சித்தப்பா எங்கேயோ ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தார், மூணு மாசம் உருப்போட்டேன். பிறந்த தேதிக்கு டிரங்குப் பெட்டி மூடியைப் பார்த்து எழுதினோம். பாஸ் பண்ணி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, விடுதியில் தங்கி, பிறகு கல்லூரி, சர்க்கார் வேலை. அந்தப் பரீட்சைக்கு ஒரு பாரம்தான் வாங்கினோம். இன்னொன்று வாங்கக் காசில்லை என்று சொன்னால் பொய். யாருக்கும் தோணவே இல்லை. அதே வருஷம் அக்காவைப் பள்ளிகொண்டா பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷம் தாத்தா போய்விட்டார்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்துக்காரர்கள் அக்கா தெருவில் கணக்கெடுத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றாள். உண்மைதான், அவளுக்கு எழுத வராது, எழுதிப் பழகப் பலகை எங்கே இருந்தது? எழுத்தறியாதவர் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு அந்தப் பையன் கையில் வைத்திருந்த தாளை எதிரே நின்றபடியே படித்து, "எம் பேருல ஒரு கால் உட்டுட்ட தம்பி" என்றாளாம். அவன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான். பட்டியலில் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்று குறிக்கக் கட்டம் இல்லை. அவள் பேர் அப்படியே இருந்தது. ராத்திரி வகுப்புக்குப் போனாள், கையெழுத்துக் கற்றுக்கொண்டாள்.

டிரங்குப் பெட்டியிலிருந்த 'தமிழன்' கட்டைச் செல் அரித்துவிட்டது. நான் வேலைக்காக ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் கூரை ஒழுகி நனைந்து, பிறகு செல். அதை நினைத்தால் வயிறு எரியும். 1999-ல் அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் பண்டிதர் எழுத்துகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். நான் நிறுத்திய இடத்திலிருந்து அவள் மேலே சொன்னாள், புத்தகத்தைப் பார்க்காமல். ஒரு பத்தி இல்லை, முக்கால் பக்கம். அயோத்திதாசர் மறுகண்டுபிடிப்பு என்று அப்போது எங்கள் பத்திரிகைகளில் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தோம். நானும் எழுதினேன். அக்கா அவரை எப்போதும் தொலைக்கவே இல்லை.

இந்தக் கட்டுரையைப் போன வாரம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாயைப் பற்றிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அடித்ததை எடுத்துவிடச் சொன்னாள், அம்மா பாவம் என்றாள். எடுக்கவில்லை. பீடிக்கடைக் கதை வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"மூணு கட்டு இல்லடா, நாலு. நோட்ட நாந்தான பாத்தேன்? நீ அங்க இல்ல."